ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கும் படம்: உயர்நிலைச் சொல்வளத்துக்கு ஒரு வழிகாட்டி

பல வருடங்களுக்கு முன்னால் வேலை கேட்டு ஒரு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். ‘பெயர்பெற்ற தங்கள் நிறுவனத்தில்’ என்று தொடங்க ஆசை. ‘ஃபேமஸ்’ என்ற சொல் எனக்கு ரொம்பச் சாதாரணமாகப் பட்டது. மனப்பாடம் செய்து வைத்திருந்த பட்டியலைப் புரட்டினேன். அதில் ‘நொட்டோரியஸ்’ என்பதற்கு நேரே ‘பெயர்போன’ என்று இருந்தது. கம்பீரமாகத் தெரிந்ததால் அதையே போட்டு அனுப்பிவிட்டேன். நொட்டோரியஸ் என்றால் கெட்ட காரியங்களுக்குப் பெயர்போனது என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மோசடிக்காரருக்கும் கொள்ளைக் கூட்டத்துக்கும் போடுகிற அடைமொழி அது.

அந்தப் பட்டியலுக்காக நான் மாதக்கணக்கில் உழைத்திருந்தேன். உழைப்பில் குறை இல்லை, பட்டியலின் அமைப்பில்தான் குறை. இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல், நடுவில் ஒரு சமக்குறி. நாற்காலி, ஜன்னல் மாதிரியான பொருட்பெயர்களுக்கு இந்தச் சமக்குறி போதும். குணம், எண்ணம், வாதம், உணர்ச்சி பற்றிய சொற்களுக்குப் போதாது. உயர்நிலைச் சொற்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒரு சொல்லின் பொருளை முழுக்கப் பிடிக்க நாலு விஷயம் தெரிய வேண்டும். அதற்குள் என்ன படம் இருக்கிறது? அது புகழ்கிறதா, பழிக்கிறதா? எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது? எந்த இடத்தில் பேசப்படுகிறது? கேட்க நிறைய வேலை மாதிரி இருக்கும். பழகிவிட்டால் ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம்தான்.

எந்தச் சொற்களை எடுப்பது

உயர்நிலை என்றதும் பலர் யாரும் கேள்விப்படாத சொற்களைத் தேடிப் போகிறார்கள். ‘பல்க்ரிட்யூட்’ என்று ஒரு சொல் உண்டு, அழகு என்று பொருள். அதைப் படித்து வைத்தால் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை பார்ப்பீர்கள், ஒருமுறைகூடப் பயன்படுத்த மாட்டீர்கள். உங்களுக்கு நிஜமாகவே தேவைப்படுவது ‘சட்டில்’, ‘ப்ளாசிபிள்’, ‘ஆம்பிகுவஸ்’, ‘ஆர்பிட்ரரி’, ‘இன்ஹெரன்ட்’, ‘ரிலக்டன்ட்’ போன்றவை. ஒவ்வொரு தலையங்கத்திலும் ஒவ்வொரு அறிக்கையிலும் வருபவை. பார்த்தால் தெரிந்த மாதிரி இருக்கும். ‘சரி, என்ன பொருள் சொல்லுங்கள்’ என்று யாராவது கேட்டால் வாய் திறக்காது. அந்த அரைகுறைச் சொற்களை முழுசாக்குவதுதான் முதல் வேலை.

இதற்கு உதவ ஆய்வாளர்கள் தயாரித்த பட்டியல்கள் இருக்கின்றன. மைக்கேல் வெஸ்ட் 1953-ல் வெளியிட்ட ‘ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்’ அன்றாட ஆங்கிலத்துக்கு அடிப்படையான சுமார் 2,000 சொற்களைத் திரட்டியது. அதற்கு மேலே, கல்வி நூல்களில் துறை வேறுபாடின்றி அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தொகுத்து ஏவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் ‘அகாடமிக் வேர்ட் லிஸ்ட்’ வெளியிட்டார். மேலே சொன்ன ஆம்பிகுவஸ், ஆர்பிட்ரரி, இன்ஹெரன்ட் மூன்றும் அதில் உண்டு. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. உங்களுக்கு எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், போதும்.

கற்க வேண்டிய சொல் நீங்கள் படிக்கும் விஷயத்திலிருந்து வரட்டும். நான் வைத்திருக்கும் விதி எளிமையானது. ஒரு சொல்லை முதல் முறை பார்த்தால் அடிக்கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். இரண்டாம் முறை வேறொரு இடத்தில் எதிரே வந்தால்தான் நோட்டில் ஏற்றுவேன். இரண்டாவது முறை தேடி வந்த சொல் மூன்றாவது முறையும் வரும். ஒரு நாளைக்கு 3 சொல், வாரத்துக்கு 5 நாள் என்றால் ஒரு வருடத்தில் 780 சொற்கள். அதற்கு மேல் வேகம் வேண்டாம்.

அகராதிக்கு முன் ஓர் ஊகம்

சொல் தெரியவில்லை என்றதும் கை தானாக அகராதிக்குப் போகும். ஒரு நிமிடம் பொறுங்கள். சுற்றியிருக்கும் வரிகளை வைத்து அது என்னவாக இருக்கும் என்று முதலில் ஊகியுங்கள், ஊகத்தை எழுதியும் வையுங்கள். ஒரு வாக்கியம் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘தாத்தா லகானிக் ஆன மனிதர், எவ்வளவு பெரிய கேள்வி கேட்டாலும் ஒரு சொல்லுக்கு மேல் பதில் வராது.’ குறைவாகப் பேசுபவர் என்று ஊகிக்க முடியும். இப்போது அகராதியைத் திறந்தால் உங்கள் ஊகம் சரியா என்று தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு படிப்பீர்கள். ஊகித்துத் தவறிய சொல்கூட, சும்மா படித்த சொல்லைவிட நன்றாக மனதில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

லகானிக் என்ற சொல் பண்டைக் கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா இருந்த லக்கோனியா பகுதியின் பெயரிலிருந்து வந்தது. அங்கிருந்தவர்கள் சுருக்கப் பேச்சுக்குப் பேர்போனவர்கள். மாசிடோனிய அரசன் பிலிப், ‘நான் உங்கள் நாட்டுக்குள் நுழைந்துவிட்டால் உங்களை விரட்டியடிப்பேன்’ என்ற ரீதியில் மிரட்டி அனுப்ப, அவர்கள் ‘விட்டால்’ என்று அந்த ஒரு சொல்லை மட்டும் பதிலாக அனுப்பினார்கள் என்று ஒரு பழங்கதை உண்டு. இதைக் கேட்ட பிறகு லகானிக் என்ற சொல் மறக்குமா?

ஊகத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சூழல் பல நேரம் ஏமாற்றும். ஊகித்ததைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

அகராதியில் எதைப் பார்ப்பது

ஆங்கிலம்-தமிழ் அகராதி முதல் படிக்கு உதவும். உயர்நிலைச் சொற்களுக்கு ஆங்கிலம்-ஆங்கில அகராதி வேண்டும், அதிலும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கென்றே எழுதிய அகராதி. ‘ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்’, ‘லாங்மேன் கன்டெம்ப்பரரி’ இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லாங்மேன் அகராதி தன் விளக்கங்களைச் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதுகிறது. ஒரு கடினமான சொல்லுக்கு விளக்கம் தேடி இன்னும் நாலு கடினமான சொற்களில் மாட்டிக்கொள்ளும் தொல்லை அதில் குறைவு.

விளக்கத்தைப் படித்ததோடு மூடிவிடாதீர்கள். சொல்லுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்புகள் இருக்கும். ‘ஃபார்மல்’ என்றால் எழுத்திலும் சபையிலும் வரும் சொல். ‘அப்ரூவிங்’ என்றால் பாராட்டு, ‘டிஸ்அப்ரூவிங்’ என்றால் கண்டனம். அப்படி ஓர் அகராதியைப் புரட்டியிருந்தால் நான் நொட்டோரியஸை அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கவே மாட்டேன். அப்புறம், எடுத்துக்காட்டு வாக்கியங்கள். குறைந்தது மூன்றையாவது வாய்விட்டுப் படியுங்கள். சொல்லின் குணம் விளக்கத்தில் தெரிவதைவிட அந்த வாக்கியங்களில்தான் அதிகம் தெரியும்.

உள்ளே இருக்கும் படம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்களில் மிகப் பெரும்பகுதி லத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து வந்தவை, பல பிரெஞ்சு வழியாக. இந்த வேர்களைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு சின்னப் படம் தெரியும். அந்தப் படங்களில் பல நம் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழர்களாகிய நமக்கு இது பெரிய வசதி, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை.

‘ஆனிமஸ்’ என்ற லத்தீன் சொல்லை எடுத்துக்கொள்வோம். மனம் என்று பொருள். ‘யூனஸ்’ என்றால் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் ‘யுனானிமஸ்’. ஒன்று, மனம்: ஒருமனதாக! தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று நாம் சொல்லும் அதே கட்டுமானம். ‘மேக்னஸ்’ என்றால் பெரிய, ஆகவே ‘மேக்னானிமஸ்’ பெரிய மனசு. தோற்றவரை அவமதிக்காமல் கைகுலுக்குபவர், பழைய பகையை மன்னிப்பவர் மேக்னானிமஸ். ‘ஈக்வஸ்’ என்றால் சமம், ‘எக்வனிமிட்டி’ சமமான மனம், புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் ஆடாத மனநிலை. ‘பூசில்லஸ்’ என்றால் மிகச் சிறியது, ‘ப்யூசிலானிமஸ்’ மனம் சுருங்கிய கோழைத்தனம். நாலு கடினமான சொற்கள், நடுவில் ஒரே மனம்.

‘ஸ்பெக்ட்’ என்ற வேருக்குப் பார் என்று பொருள். ‘சர்கம்’ என்றால் சுற்றி. ‘சர்கம்ஸ்பெக்ட்’ என்றால் சுற்றுமுற்றும் பார்த்து நடப்பவர், எச்சரிக்கையானவர். ‘இன்ட்ரோஸ்பெக்‌ஷன்’ உள்ளே பார்ப்பது, ‘ரெட்ரோஸ்பெக்ட்’ திரும்பிப் பார்ப்பது. ‘பெனவலன்ட்’ என்பதில் ‘பெனே’ நன்றாக, ‘வால்’ விரும்பு. நலம் விரும்பி என்று நாம் கடிதத்தின் அடியில் எழுதுவதும் அதுதான். ‘மாலே’ கெட்ட. அதனால் ‘மலெவலன்ட்’ கெடுதல் விரும்பி. ‘ப்ரோக்ராஸ்டினேட்’ என்ற நீளமான சொல்லுக்குள் ‘க்ராஸ்’ என்று ஒரு குட்டிச் சொல் இருக்கிறது, நாளை என்று பொருள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுவது.

இன்னொரு படம். ‘ரிகால்சிட்ரன்ட்’. லத்தீனில் ‘கால்க்ஸ்’ என்றால் குதிகால். பின்னங்காலால் உதைக்கும் விலங்குதான் படம். சொன்னால் கேட்காத, அதிகாரத்துக்கு அடங்காத ஆளைச் சொல்ல இதைப் பயன்படுத்துகிறார்கள். நாமும் மாட்டையும் சொல்கிறோம், மனிதரையும் சொல்கிறோம்: முரண்டு பிடிக்கிறான். இந்த ஒப்புமையைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை வாயில் நுழையாத சொல்லாக இருந்தது, அன்றோடு வசப்பட்டுவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். படம் ஒன்றாக இருந்தாலும் தொனி ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ‘ப்ரிகோஷஸ்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு, காலத்துக்கு முன்பே பழுத்தது என்று பொருள். உடனே நமக்கு என்ன தோன்றும்? பிஞ்சிலே பழுத்தது! படம் அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழில் அது திட்டு. ஆங்கிலத்தில் ப்ரிகோஷஸ் பெரும்பாலும் வியப்பு, ஐந்து வயதில் சிக்கலான கணக்குப் போடும் குழந்தையைச் சொல்வது. சில இடங்களில் லேசான எரிச்சலும் கலந்து வரும், அவ்வளவுதான். அதேபோல ‘சூப்பர்சிலியஸ்’ என்பதில் இருக்கும் படம் உயர்த்திய புருவம். நமக்குப் புருவம் உயர்ந்தால் ஆச்சரியம். ஆங்கிலச் சொல்லிலோ அது ஆணவம், அடுத்தவரைக் கீழாகப் பார்க்கும் பார்வை. தமிழ்ப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தொனி எங்கே விலகுகிறது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பொருந்தும் இடம் ஞாபகத்துக்கு, விலகும் இடம் பயன்பாட்டுக்கு.

காலப்போக்கில் பொருள் தடம் மாறிய சொற்களும் உண்டு. ‘க்ரெக்ஸ்’ என்றால் மந்தை. மந்தையோடு இருக்கப் பிரியப்படுபவர் ‘க்ரிகேரியஸ்’, மந்தையிலிருந்து பிரிப்பது ‘செக்ரிகேட்’, ஒன்றாகக் கூடுவது ‘காங்க்ரிகேட்’. மந்தையை விட்டு வெளியே தனித்துத் தெரிவது ‘இக்ரீஜியஸ்’. 16-ஆம் நூற்றாண்டில் இதைப் பாராட்டாகவும் சொன்னார்கள், ஊரில் தனித்து நிற்கும் சிறப்பு என்ற பொருளில். இன்று அது முழுக்கக் கண்டனம். அப்பட்டமான, மன்னிக்க முடியாத தவற்றைத்தான் இக்ரீஜியஸ் என்பார்கள். ஆகவே வேர் என்பது பொருளை நினைவில் கட்டிவைக்கும் கயிறு மட்டும்தான். இன்றைய பொருளுக்கு அகராதிதான் தீர்ப்பு.

வேர்கள் ஒரே மாதிரி ஒலித்து ஏமாற்றுவதும் உண்டு. ‘பெடஸ்ட்ரியன்’ என்பதில் இருப்பது லத்தீன் கால். ‘பீடியாட்ரிஷன்’ என்பதில் இருப்பது கிரேக்கக் குழந்தை. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தொடங்கும். சந்தேகம் வந்தால் ‘ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி’ என்ற தளத்தில் சொல்லைப் போட்டுப் பாருங்கள். பிறப்பும் வளர்ப்பும் கிடைக்கும்.

ஒரே நாளில் ஐம்பது வேர்களைப் படிக்க முயல வேண்டாம். வாரம் ஒரு வேர், அதன் குடும்பத்தில் நாலைந்து சொற்கள் போதும்.

புகழா, பழியா, எவ்வளவு

தமிழில் ஒருவரைக் கொடியிடையாள் என்றும் சொல்லலாம், ஒல்லி என்றும் சொல்லலாம், எலும்பும் தோலுமாக இருக்கிறாள் என்றும் சொல்லலாம். உடம்பு ஒன்றுதான். கேட்பவர் முகம் மூன்று விதமாக மாறும். ஆங்கிலத்திலும் அப்படியே. ‘ஸ்லெண்டர்’ அழகைச் சொல்கிறது, ‘ஸ்லிம்’ பாராட்டு, ‘தின்’ நடுநிலை, ‘ஸ்கின்னி’ கொஞ்சம் குறை. ‘காண்ட்’ என்றால் நோயாலோ கவலையாலோ கன்னம் ஒட்டிப்போனது. ‘இமேஷியேட்டட்’ என்றால் பட்டினியால் விலா எலும்பு எண்ணக்கூடிய நிலை. பட்டியலில் இவை எல்லாவற்றுக்கும் நேரே ‘மெலிந்த’ என்றுதான் இருக்கும்.

இதற்கு ஒரு பயிற்சி. நோட்டில் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். இடது முனை பாராட்டு, வலது முனை கண்டனம். ஒரே பொருள் சார்ந்த சொற்களை அதில் அவற்றின் இடத்தில் குறியுங்கள். பணத்தை இறுக்கிப் பிடிப்பதை வைத்துச் செய்வோம். ‘த்ரிஃப்டி’ இடது பக்கம், பணத்தைப் புத்தியோடு கையாள்பவர். ‘ஃப்ரூகல்’ அதற்குப் பக்கத்தில், தேவைகளையே குறைத்துக்கொண்டு எளிமையாக வாழ்பவர். நடுவில் ‘எக்கனாமிக்கல்’. அதைத் தாண்டி ‘ஸ்டின்ஜி’, கொடுக்க மனம் வராதவர். வலது ஓரத்தில் ‘மைசர்லி’, கஞ்ச மகாப்பிரபு. ‘பார்சிமோனியஸ்’ எங்கே? ஸ்டின்ஜிக்கும் மைசர்லிக்கும் நடுவில், ஆனால் எழுத்து நடையில் மட்டும். இதே சொல் அறிவியலுக்குள் போனால் நல்ல பெயர் வாங்குகிறது. மிகக் குறைந்த அனுமானங்களோடு ஒரு விஷயத்தை விளக்கும் கோட்பாட்டை பார்சிமோனியஸ் என்று சொன்னால் அது பாராட்டு.

பிடிவாதத்தையும் இப்படிக் கோட்டில் வைக்கலாம். ‘டெனேஷஸ்’ என்பதன் வேர் பிடித்துக்கொள் என்பது. நம் உடும்புப்பிடி, விடாமுயற்சிக்குக் கிடைக்கும் பாராட்டு. ‘ரெசொலூட்’ மன உறுதி. ‘ஸ்டபர்ன்’ நடுவிலிருந்து கொஞ்சம் வலது பக்கம், செல்லமாகவும் சொல்லலாம். ‘ஆப்ஸ்டினட்’ நியாயம் சொன்னாலும் கேட்காத அடம். பரிந்துரைக் கடிதத்தில் ஒரு மாணவரை டெனேஷஸ் என்று எழுதினால் அவருக்கு இடம் கிடைக்கலாம். ஆப்ஸ்டினட் என்று எழுதினால் போன இடமெல்லாம் கதவு சாத்திக்கொள்ளும்.

தொனியோடு சேர்த்து சபையையும் பார்க்க வேண்டும். நாம் வீட்டில் ‘சொன்னான்’, கட்டுரையில் ‘கூறினான்’, செய்யுளில் ‘பகர்ந்தான்’ என்கிறோம். ஆங்கிலத்தில் இந்தப் படிநிலைக்கு ஒரு சரித்திரக் காரணம் இருக்கிறது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி புழங்கியது. அறிஞர்களும் மதகுருமாரும் லத்தீனில் எழுதினார்கள். சாமானியர் பேச்சு பழைய ஆங்கிலத்திலேயே தொடர்ந்தது. அதன் தடம் இன்றும் அழியவில்லை. கேட்பதற்கு ‘ஆஸ்க்’ பழைய ஆங்கிலம், ‘க்வெஸ்ச்சன்’ பிரெஞ்சு வழி, ‘இன்டெராகேட்’ லத்தீன். முதல் சொல் நண்பர்களுக்கு இடையே. கடைசிச் சொல்லுக்கு ஒரு விசாரணை அறையே வேண்டும். ‘கிங்லி’, ‘ராயல்’, ‘ரீகல்’ மூன்றும் அதே போன்ற அடுக்கு. ஒரு சொல் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று தெரியாமல் எடுத்தால், வீட்டுப் பேச்சில் ‘பகர்ந்தேன்’ என்று சொன்ன கதையாகிவிடும்.

சொல்லின் கூட்டாளிகள்

மழை பெய்யும், காற்று வீசும், இடி இடிக்கும், மின்னல் வெட்டும். மின்னல் வீசியது என்று ஒரு குழந்தை சொன்னால் உடனே திருத்துகிறோம். இலக்கணப் பிழை எதுவும் இல்லை, வழக்கம் இல்லை என்பதுதான் குறை. ஆங்கிலத்தில் நாம் செய்யும் பிழைகளில் பாதி இந்த வகை. மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’, மூடுபனிக்கு ‘திக்’. மாற்றிப் போட்டால் பொருள் புரியும், காதில் இடிக்கும்.

குறைப்பது என்ற பொருளுள்ள மூன்று சொற்களைப் பாருங்கள். ‘அலீவியேட்’ வலியையும் வறுமையையும் தணிக்கும். ‘மிட்டிகேட்’ ஆபத்தையும் பாதிப்பையும் குறைக்கும். ‘அஸ்வேஜ்’ குற்ற உணர்வையும் பயத்தையும் ஆற்றும். ஒவ்வொன்றுக்கும் வழக்கமான துணை உண்டு. ‘காஸ்’ என்ற எளிய சொல்கூட அப்படித்தான். சேதம், சிக்கல், மரணம் என்று கெட்ட விளைவுகளோடுதான் அது அதிகம் சேரும். நல்ல விளைவுக்கு அதைப் போட்டால் ஏதோ நெருடும்.

எனவே நோட்டில் ஒரு சொல்லை ஒருபோதும் தனியாக எழுதாதீர்கள். கூட்டாளியோடு சேர்த்தே எழுதுங்கள்: வெறும் ‘இக்ரீஜியஸ்’ வேண்டாம், ‘இக்ரீஜியஸ் எரர்’ என்று எழுதுங்கள். இரண்டு சொல்லாக மனதில் பதிந்தால் பேசும்போதும் இரண்டாகவே வரும்.

முகம் காட்டி ஏமாற்றும் சொற்கள்

இதற்கு நோட்டின் கடைசியில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ‘நாய்சம்’ என்பதில் சத்தம் எதுவும் இல்லை, துர்நாற்றம்தான் உண்டு. ‘எனர்வேட்’ சக்தி கொடுக்காது, சக்தியை உறிஞ்சிவிடும். ‘ரெஸ்டிவ்’ என்றால் ஓய்வு இல்லை, பொறுமையிழந்து நெளிவது. ‘பெம்யூஸ்டு’ என்றால் சிரிப்பு வந்ததாக நினைப்போம், குழம்பிப் போனது என்பதுதான் பொருள். ‘இன்வால்யுவபிள்’ மதிப்பில்லாதது அல்ல, விலைமதிப்பற்றது. ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருந்தால் தீப்பிடிக்காது என்று நம்பிப் பக்கத்தில் போகாதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும் என்பதுதான் அது. ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்றால் சொந்த ஆதாயம் கருதாத நடுநிலை. நீதிபதி அப்படித்தான் இருக்க வேண்டும். ‘அன்இன்ட்ரஸ்டட்’ ஆக இருந்தால் வழக்குக்கு ஆபத்து. ‘பெனல்டிமேட்’ உச்சகட்டம் அல்ல, கடைசிக்கு முந்தையது.

எழுதி வைப்பதும் திரும்பப் பார்ப்பதும்

ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. முன்பக்கம் நீங்கள் அந்தச் சொல்லைச் சந்தித்த வாக்கியம், சொல்லின் இடத்தில் கோடு. பின்பக்கம் சொல், படம், தொனி, கூட்டாளி, பிறகு உங்கள் சொந்த வாக்கியம் ஒன்று. சொந்த வாக்கியம் உங்கள் வாழ்க்கையிலிருந்து, உங்களுக்குத் தெரிந்த ஓர் ஆளைப் பற்றியதாக இருக்கட்டும். சர்கம்ஸ்பெக்ட் என்ற அட்டையில் நான் எழுதியது வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் உறவினரைப் பற்றி. எப்போது அந்தச் சொல் வந்தாலும் அவர் கை பூட்டில் இருக்கும்.

மறதியைப் பற்றி ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து எழுதிவைத்தார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடும், அதன்பிறகு நழுவும் வேகம் குறையும். ஆகவே மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள், ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியை அகலமாக்கிக்கொண்டே பாருங்கள். செபாஸ்டியான் லைட்னர் 1970-களில் பரப்பிய பெட்டி முறை இதற்கு வசதி. சரியாகச் சொன்ன அட்டை, இன்னும் அதிக இடைவெளி விட்டுத் திறக்கும் அடுத்த பெட்டிக்குப் போகும், தவறிய அட்டை முதல் பெட்டிக்குத் திரும்பும். கைபேசியில் வேண்டுமென்றால் ‘அன்கி’ செயலி அதே வேலையைச் செய்யும். எனக்குக் கையால் எழுதிய அட்டைதான் ஒத்துவருகிறது.

அட்டையை எடுத்ததும் திருப்பிப் பார்க்காதீர்கள். முதலில் முயன்று நினைவுபடுத்துங்கள். திணறினாலும் பரவாயில்லை, அந்தத் திணறலில்தான் சொல் ஒட்டுகிறது.

வாயில் வர வேண்டும்

படிக்கும்போது புரியும் சொல்லுக்கும் பேசும்போது வரும் சொல்லுக்கும் நடுவே பெரிய தூரம். முதல் தடை உச்சரிப்பு. எழுத்தைப் பார்த்துப் படித்தே வளர்ந்த நமக்கு ஆங்கில எழுத்து அடிக்கடி பொய் சொல்லும். ஒன்றின் சிறந்த எடுத்துக்காட்டு என்று பொருள்படும் ‘எபிடமி’யைப் பலர் எபிடோம் என்கிறார்கள், மிகைப்படுத்தல் என்று பொருள்படும் ‘ஹைபர்பலி’யை ஹைபர்போல் என்கிறார்கள். ‘சட்டில்’ என்பதில் எழுத்தில் இருக்கும் ‘பி’ வாயில் இல்லை. ‘இன்ஃபமஸ்’ என்பதற்கு ஃபேமஸோடு பொருளில் உறவு உண்டு, ஒலியில் இல்லை. அகராதித் தளத்தில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி இரண்டு முறை கேட்டு, மூன்று முறை சொல்லிப் பார்த்த பிறகே அட்டையில் ஏற்றுங்கள். தப்பாகப் பழகிய ஒலியைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

அடுத்தது, பயன்படுத்தும் அளவு. புதுச் சொற்கள் சேரச் சேர எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டத் தோன்றும். ஒரு பத்திக்கு ஒரு புதுச் சொல் போதும், அதுவும் எளிய சொல்லால் முடியாத வேலையை அது செய்கிறது என்றால் மட்டும். ‘அவர் மன்னித்துவிட்டார்’ என்பதை எளிய ஆங்கிலத்தில் சொல்லலாம். வென்ற இடத்தில் நின்றுகொண்டு, பழிவாங்க முடிந்தும் மன்னித்தார் என்பதை ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமானால் மேக்னானிமஸ் வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்குக் காத்திருங்கள்.

எழுதிய பிறகு அந்த வாக்கியத்தை ஒருமுறை சோதியுங்கள். சொல்லையும் அதன் கூட்டாளியையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுபொறியில் தேடினால், நல்ல நாளிதழ்களும் இதழ்களும் அதை அப்படி எழுதுகின்றனவா என்று தெரியும். ஒன்றுமே வரவில்லை என்றால் நீங்கள் மின்னலை வீசச் செய்திருக்கிறீர்கள், மாற்றிவிடுங்கள்.

ஒரு சொல்லை எப்போது நோட்டிலிருந்து அடிக்கலாம்? வெவ்வேறு நாளில், வெவ்வேறு விஷயத்தைப் பேசும்போது, தேடாமலேயே மூன்று முறை அது வாயில் வந்திருக்க வேண்டும். என் நோட்டில் ரிகால்சிட்ரன்ட் அடிபட ஐந்து மாதம் ஆயிற்று. ப்யூசிலானிமஸ் இன்னும் அடிபடவில்லை, அடுத்த வாரத்துக்கான பெட்டியில் இருக்கிறது.